சிலம்பாறா, நூபுர கங்கையா: அழகர்மலை ஓடைக்குப் பேர் வந்த விதம்

கேள்வி இதுதான்: அழகர்மலை மேல ராக்காயி அம்மன் கோயில்கிட்ட வர்ற தண்ணிய எல்லாரும் நூபுர கங்கைங்கிறாங்க, பழைய பாட்டுல எல்லாம் சிலம்பாறுன்னு இருக்கு, ரெண்டும் ஒண்ணுதானா, எது முதல்ல வந்த பேரு, பெருமாளோட கால் சிலம்புக்கும் இந்த ஓடைக்கும் நெஜமாவே சம்பந்தம் உண்டா, அப்புறம் திருமுருகாற்றுப்படை கடைசியில வர்ற அருவி இதுதானா.

ரெண்டும் ஒரே தண்ணிதாங்க. சிலம்பாறுங்கிறதுதான் மூத்த பேரு, நூபுர கங்கை பின்னால வந்தது. பெருமாள் கால் சிலம்புல பட்டு தெறிச்ச கங்கைத் துளிதான் இந்த ஓடைன்னு கோயில்ல சொல்ற கதை இருக்கே, அதுல இருந்து பேர் வரல, பேர்ல இருந்துதான் அந்தக் கதை வளந்து வந்திருக்கு, இதான் என் முடிவு. இத சும்மா அடிச்சு விடல, பரிபாடல், சிலப்பதிகாரம், பெரியாழ்வார் பாசுரம்னு மூணு பழைய சாட்சி இருக்கு, மூணுலயும் இந்த ஓடை பேரோட வருது, வரிசையா வச்சு படிச்சா கதை கொஞ்சம் கொஞ்சமா பேர் மேல ஏறி உக்கார்றது கண்ணுக்கு தெரியும். ஒரு சின்ன மலை ஓடைக்கு இவ்ளோ சாட்சி கிடைக்கிறதே பெரிய விஷயம்.

ஊர் தெரியாதவங்களுக்காக இடத்த சொல்லிடறேன். மதுரைக்கு வடக்க சுமார் 20 கிலோமீட்டர்ல அழகர்கோயில். அடிவாரத்துல கோட்டைக்குள்ள கள்ளழகர் சன்னதி, 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. அங்க இருந்து மலைப்பாதையில ஏறினா பாதி வழிக்கு மேல பழமுதிர்சோலை முருகன் கோயில் வரும், இன்னும் கொஞ்சம் ஏறினா ராக்காயி அம்மன், அங்க மாதவி மண்டபத்துக்குள்ளதான் தண்ணி வந்து விழுது. குளிக்கிறவங்க குளிப்பாங்க, மத்தவங்க கேன்லயும் பாட்டில்லயும் புடிச்சுட்டு போவாங்க. இத பாத்துட்டு "இதுக்கா ஆறுன்னு பேரு வச்சாங்க"ன்னு நெறைய பேர் ஏமாந்து போறாங்க, ஆனா நீங்க மண்டபத்துல பாக்கிறது ஊத்து வாய்ல புடிச்சு வச்ச தண்ணிய மட்டும்தான், மழைக்காலத்துல மலைச்சரிவுல பாறை பாறையா விழுந்து இறங்குற முழு ஓடைய நெனச்சுப் பாத்தா ஏன் ஆறுன்னாங்கன்னு புரியும். மதுரைப் பக்கம் பெரிய மழைன்னா அது ஐப்பசி கார்த்திகை மழைதான், அந்த மழைத் தண்ணி மலைக்காட்டு மண்ணுலயும் பாறை வெடிப்புலயும் இறங்கி தங்கி, அப்புறம் மாசக்கணக்குல மெதுவா கசிஞ்சு வரும், மேல காடு இருக்கிற வரைக்கும்தான் இந்த கசிவு. கோடையிலயும் ஊத்து வத்தலன்னு பக்தருங்க அதிசயமா சொல்றதுக்கு கீழ இருக்கிற வேலை இதுதான், என்னக் கேட்டா இதுவும் கும்புட வேண்டிய விஷயம்தான்.

இனி பேருக்கு வருவோம்.

முதல் சாட்சி பரிபாடல் 15வது பாட்டு, இளம்பெருவழுதியார் பாடினது. சங்கத் தொகையில கொஞ்சம் பிந்தினதா எண்ணப்படுற நூல்தான், ஆனாலும் இந்த மலையப் பத்தி விரிவா பேசுற ரொம்ப பழைய பாட்டு இதுதான். அதுல "சிலம்பாறு அணிந்த சீர்கெழு திருவின் சோலையொடு தொடர்மொழி மாலிருங்குன்றம்"னு ஒரு அடி வருது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, அந்தப் புலவரே நின்னு நிதானமா மலையோட பேர பிரிச்சுக் காட்டறார், முன்னால "திரு", பின்னால "சோலை", நடுவுல மாலிருங்குன்றம், சேத்துப் பாருங்க திருமாலிருஞ்சோலை மலை. ஆக பேர் மேல அவருக்கு கண்ணு இருக்கு, ஒரு பேர்ல என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு தேடுற ஆளு. அப்படிப்பட்டவர் ஓடைக்கு வரும்போது சிலம்பாறுன்னு சொல்லி பக்கத்துல "அணிந்த"ன்னு ஒரு வார்த்தைய வைக்கிறார். அணியறதுன்னா அழகா கொண்டிருக்கிறதுன்னும் ஆகும், நகை மாதிரி போட்டுக்கிறதுன்னும் ஆகும். மலை சிலம்பாத்த அணிஞ்சிருக்கு. காலுக்குப் போடுற சிலம்பு அவர் காதுல லேசா ஒலிச்சிருக்கணும்னுதான் நான் படிக்கிறேன். ஆனா கவனிங்க, அது மலையோட சிலம்புதான், பெருமாளோட சிலம்பு இல்ல. கங்கையும் இல்ல, தெறிச்ச துளியும் இல்ல.

அப்போ அந்த சிலம்புதான் என்ன? சங்கப் பாட்டு படிச்சவங்களுக்கு இது புதுசு இல்ல, சிலம்புன்னா மலை, மலைச்சரிவு. குறிஞ்சி நிலத் தலைவனுக்கு சிலம்பன்னே பேரு, அவன் காலுல சிலம்பு போட்டிருந்தான்னு அதுக்கு அர்த்தம் இல்ல, மலைக்காரன் அவ்ளோதான். அந்தக் கணக்குல சிலம்பாறுன்னா மலையாறு. இன்னொன்னு, சிலம்புதல்னா ஒலிக்கிறது, எதிரொலிக்கிறது. இதுக்கு வெளிய எங்கயும் தேடிப் போக வேணாம், அதே 15வது பாட்டுல சிலம்பாறு வர்றதுக்கு சில அடி முன்னாலதான் மாலிருங்குன்றத்த "ஏத்துகம் சிலம்ப"ன்னு சொல்லியிருக்கு, அதாவது மலையே திரும்ப ஒலிக்கிற மாதிரி போற்றிப் பாடுவோம். ஆக மலை, சத்தம் ரெண்டும் அந்த வார்த்தைக்குள்ள கூடவே உக்காந்திருக்கு, கால்ல போடுற நகைக்கு அந்தப் பேர் வந்ததும் அது ஒலிக்கிறதாலதானே. சரிவுல விழுந்து சத்தம் போடுற ஒரு ஓடைக்கு அந்த மலைக்காரங்க வச்ச சாதாரண பேரு இது, இத விட பொருத்தமான பேர் வைக்க முடியாது.

ரெண்டாவது சாட்சிதான் என்ன முழுசா ஒத்துக்க வச்சது, சிலப்பதிகாரம். காடுகாண் காதையில கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூணு பேரும் மதுரைக்கு வழி கேக்க, மாங்காட்டு மறையவன் மூணு வழி சொல்றான், அதுல இடப்பக்க வழி இந்தத் திருமால் குன்றம் வழியா போறது. அங்க ஒரு பிலம், அதாவது குகை இருக்கு, புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தின்னு மூணு பொய்கை இருக்கு, ஒண்ணுல குளிச்சா இந்திரன் செஞ்சதா சொல்ற ஐந்திரம்ங்கிற இலக்கண நூல் கைவரும், இன்னொண்ணுல குளிச்சா பழம்பிறப்பு தெரியும், மூணாவதுல குளிச்சா நெனச்சது கிடைக்கும்னு சொல்லிட்டு, "நிலம்பக வீழ்ந்த சிலம்பாற்று அகன்றலை"ன்னு ஓடைய சொல்றான். நிலமே பொளந்து போற மாதிரி விழற சிலம்பாறு. இப்போ யோசிச்சுப் பாருங்க, இந்தக் காப்பியம் பூராவும் ஒரு ஜோடி காற்சிலம்ப சுத்தித்தான் நடக்குது, பேரே சிலம்பு, அந்த சிலம்ப விக்கத்தான் இவங்க மதுரைக்கே நடந்து போறாங்க. அப்படி இருக்கும்போது, வழியில சிலம்பாறுன்னு ஒரு ஓடை வருதுன்னு சொல்ற இடத்துல, பெருமாள் சிலம்புல பட்ட தண்ணின்னு ஒரு கதை அன்னைக்கு ஊருக்குள்ள இருந்திருந்தா இளங்கோ அத தொடாம போயிருப்பாரா? அந்த மறையவன் வேற திருமால் பக்தன், திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் சேவிக்க கிளம்பி வந்தவன், அவன் வாய்லயே அத வச்சிருக்கலாம். ஒரு வார்த்தை இல்ல. விழற வேகத்த மட்டும் சொல்லிட்டு போயிடறான்.

சரி, பெருமாள் கால தூக்கி உலகத்த அளந்த திருவிக்கிரம அவதாரக் கதையே அப்போ தெரியாதோன்னு ஒருத்தர் கேக்கலாம். நல்லா தெரியும். அதே சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவையில மூவுலகும் ஈரடியால தாவின சேவடிய பாடியிருக்கு. அளந்த காலும் தெரியும், சிலம்பாறும் தெரியும், ரெண்டையும் முடிச்சு போடல, அவ்ளோதான். முடிச்சு பின்னால விழுந்திருக்கு.

அந்த இடத்துல இன்னொரு விஷயமும் இருக்கு, இத யாரும் பெருசா பேசறதில்ல. சிலம்பாத்தோட அகன்ற தலைப்புல, பூத்த கோங்க மரத்தடியில, வளையல் போட்ட தோளோட ஒருத்தி வந்து நிப்பாளாம். இந்த மலையடியில வாழ்றவ, வரோத்தமை என் பேருன்னு சொல்லிட்டு, இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, ரெண்டும் இல்லாம எப்பவும் செம்மையா நிக்கிறது எதுன்னு கேப்பாளாம், சரியா பதில் சொன்னா பிலத்துக் கதவ தெறந்து விடுவாளாம். அதாவது தண்ணிகிட்ட ஒரு பொம்பள தெய்வம் காவல். இன்னைக்கு அதே தண்ணித் தலையில யாரு இருக்கா? ராக்காயி. பேர் மாறியிருக்கு, கேள்வி கேக்கிற வழக்கம் போயிருக்கு, ஆனா தீர்த்தத்துக்கு காவல் அம்மன்தான்னு சுத்துப்பட்டு ஜனங்க இன்னைக்கும் நம்புறாங்க. இது தற்செயலா அமைஞ்சதுன்னு எனக்குத் தோணல, பெருமாள் கோயில் கதைக்கெல்லாம் முன்னாடியே இந்த ஊத்துல ஒரு தாய் தெய்வம் இருந்திருக்கணும்னுதான் நான் நெனைக்கிறேன்.

மூணாவது சாட்சி பெரியாழ்வார். திருமாலிருஞ்சோலைய பாடும்போது "சிலம்பார்க்க வந்து தெய்வ மகளிர்கள் ஆடும் சீர்ச் சிலம்பாறு பாயும்"ங்கிறார். வானத்துப் பொண்ணுங்க கால் சிலம்பு கலகலன்னு ஒலிக்க வந்து குளிக்கிற சிலம்பாறு. பாத்தீங்களா, இங்கதான் காற்சிலம்பு வெளிப்படையா வந்து ஓடைப் பேரோட ஒட்டுது. ஆனா இன்னும் அது பெருமாள் கால்ல ஏறல, குளிக்க வர்ற பொண்ணுங்க கால்லதான் இருக்கு. பெரியாழ்வார விட பெருமாள் திருவடிய கொண்டாடினவர் யாருங்க? பாதக்கமலம் காண வாங்கன்னு ஊரையே கூப்பிட்டு, குழந்தைக் கண்ணன உள்ளங்கால்ல இருந்து உச்சி வரைக்கும் ஒவ்வொரு அங்கமா காட்டினவர் அவர். இந்த ஓடை அந்தத் திருவடிச் சிலம்புல பட்டு வந்ததுன்னு அவருக்கு ஒரு சேதி கிடைச்சிருந்தா ஒரு பதிகமே பாடியிருப்பார்.

அவருக்குப் பின்னால வளந்த தலபுராணத்துலதான் கதை முழுசா வருது. உலகளந்தப்போ தூக்கின திருவடி சத்யலோகம் வரைக்கும் போச்சு, பிரம்மா கமண்டலத் தண்ணியால அந்தப் பாதத்த கழுவினார், அந்த கங்கை நீர் பெருமாளோட நூபுரத்துல பட்டு ஒரு துளி தெறிச்சு இந்த மலையில விழுந்துச்சு, அதனால நூபுர கங்கை. நூபுரம்னா வடமொழியில காற்சிலம்பு. ஆக ஓடையோட தமிழ்ப் பேர வடமொழியில சொல்லும்போது மலை, ஒலின்னு இருந்த அர்த்தத்த எல்லாம் விட்டுட்டு நகைங்கிற ஒரு அர்த்தத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் கதை மேல ஏற வேற வழியே இல்லாம போச்சு. இது இங்க மட்டும் நடந்ததில்ல, முதுகுன்றம் விருத்தாசலம் ஆச்சு, பாலாறு க்ஷீரநதி ஆச்சு. மறைக்காடு வேதாரண்யம் ஆன கதையில, மூலப்பேர் மரைமான் திரிஞ்ச மரைக்காடுதான், வேதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்ற ஆய்வாளருங்களும் உண்டு, அதுவும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்.

இதனால நூபுர கங்கைங்கிற பேர் தப்பு, யாரோ திட்டம் போட்டு மாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போறவங்க கூட நான் இல்ல. பரிபாடல்லயே "அணிந்த"ன்னு ஒரு விதை விழுந்திருக்கு, பெரியாழ்வார் தண்ணிக்குப் பக்கத்துல காற்சிலம்ப கொண்டு வந்து வச்சார், பின்னால வந்தவங்க அத திருவடியில ஏத்தினாங்க, ஒவ்வொருத்தரும் அந்தப் பேர ஆசையா கேட்டுக் கேட்டு வளத்திருக்காங்க. எனக்கு வருத்தம் வேற ஒண்ணுதான், நூபுர கங்கைய மட்டும் தெரிஞ்சு வச்சுட்டு சிலம்பாறுங்கிற பேரையே கேள்விப்படாத மதுரைக்காரங்க இப்போ நெறைய ஆயிட்டாங்க. மலையில எங்க நூபுர கங்கைன்னு எழுதி வச்சாலும் பக்கத்துல சிலம்பாறுன்னும் எழுதணும்னு நான் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுதான் இருக்கேன்.

பேர் கதையோட நின்னுடல, இந்தத் தண்ணிய சுத்தி கோயில் நடைமுறையே ஓடுது. உற்சவர் கள்ளழகர் திருமேனி அபரஞ்சி தங்கம், அதுக்கு நூபுர கங்கைத் தண்ணி தவிர வேறெதுலயும் திருமஞ்சனம் கிடையாது, வேற தண்ணி பட்டா திருமேனி கறுத்துடும்னு நம்பிக்கை. அதனால சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு கிளம்பினா இந்தத் தண்ணியும் கூடவே பயணம் போகும். கோயில் பிரசாதமா குடுக்கிற தோசை இருக்கே, முழு உளுந்து போட்டு நெய்யில சுட்டு கையில கனமா நிக்கும், அந்த மாவுக்கும் இந்தத் தண்ணிதான்னு சொல்வாங்க. ஐப்பசி வளர்பிறை துவாதசி அன்னைக்கு அழகரே பல்லக்குல மலை ஏறி மாதவி மண்டபத்துக்கு வருவார், தைலக்காப்பு சாத்தி, விழற தீர்த்தத்துலயே திருமஞ்சனம், இத தலையருவி உற்சவம்னும் தொட்டித் திருமஞ்சனம்னும் சொல்வாங்க. தலையருவிங்கிற வார்த்தைய கவனிங்க, சிலம்பாத்தோட தலைன்னு இளங்கோ சொன்ன அந்த இடம்தான் இன்னைக்கும் விழாப் பேர்ல இருக்கு. காலமும் சும்மா வைக்கல, ஐப்பசி அடைமழை, மலை நனைஞ்சு ஊத்து பலமா இருக்கிற நேரம்.

அழகர் வைகையில இறங்குறதுக்கு சொல்ற காரணமே இந்த ஓடையிலதான் ஆரம்பிக்குது, இதையும் பலர் மறந்துடறாங்க. சுதபஸ்னு ஒரு முனிவர் நூபுர கங்கையில தீர்த்தமாடிட்டு இருந்தப்போ துர்வாசர் வந்தத கவனிக்கல, மண்டூகமா போன்னு சாபம், தவளையா போயி வைகைக் கரையில தவம் கிடந்தார், அந்த மண்டூக மகரிஷிக்கு மோட்சம் குடுக்கத்தான் அழகர் வர்றார்னு கதை. மோட்சம் குடுக்கிற தேனூர் மண்டபம் இப்போ வண்டியூர் பக்கம் வைகைக்குள்ள இருக்கு. மதுரை முழுக்க திரண்டு நிக்கிற அந்தத் திருவிழாவோட வேர் மலை மேல இந்தத் தண்ணிக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சு பாத்தா விழாவே வேற மாதிரி தெரியும்.

கடைசி கேள்வி, திருமுருகாற்றுப்படை அருவி. நக்கீரர் அந்தப் பாட்ட முடிக்கிற இடம் ஒரு அருவி விவரிப்பு, அகில் மரத்தையும் சந்தன மரத்தையும் உருட்டிக்கிட்டு, தேனடைய சிதைச்சு, பலாச் சுளை விழ, வாழை முறிய, இளநீர் குலை உதிர, "இழுமென இழிதரும் அருவிப் பழமுதிர்சோலை மலைகிழவோனே"ன்னு முடியும். இழும்னா என்ன? அருவி இறங்குற ஓசை. இங்கயும் மலைத்தண்ணிய சத்தத்தாலதான் அடையாளம் காட்டறாங்க, அந்த அளவுக்கு சிலம்பாறுங்கிற பேரோட குணம் இதுல இருக்கு. ஆனா பழமுதிர்சோலைங்கிறது பழம் முதிர்ந்த சோலை உள்ள எந்த மலைக்கும் பொதுவா சொன்னதா, இந்த ஒரு மலையத்தான் சொன்னதான்னு அறிஞர்கள் நடுவுல ரொம்ப நாளா வாதம் இருக்கு. நான் பொதுவா சொன்னதுங்கிற பக்கம்தான், ஏன்னா நக்கீரர் அங்க சிலம்பாறுன்னு பேர் சொல்லல, இருங்குன்றம்னும் சொல்லல, கரடி குகையில ஒளியறதும் கருங்குரங்கு நடுங்குறதும் மலைநாட்டு அருவி எதுக்கும் பொருந்தும். பரிபாடல்ல இந்த மலைக்கு உரியவர் திருமால்தான், கூட பலதேவனும், முருகனுக்கு பரிபாடல் குடுத்த மலை திருப்பரங்குன்றம். அதனால திருமுருகாற்றுப்படை அருவிய சிலம்பாத்துக்கு சாட்சியா நான் சேக்க மாட்டேன், பரிபாடலும் சிலப்பதிகாரமும் பெரியாழ்வாரும் பேர் சொல்லி நிக்கிறாங்க, அது போதும்.